கேமிங் கணினிக்குக் கீபோர்டு: பெட்டியில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். புதிதாக ஒரு கேமிங் கணினி கட்டப் போகிறீர்கள். கையில் இருப்பது பழைய ரப்பர் கீபோர்டு. பாதி நேரம் ஷூட்டர் (துப்பாக்கி விளையாட்டு), பாதி நேரம் கதை விளையாட்டு. பகலில் அதே மேசையில் டைப்பிங் வேலையும் உண்டு. மெக்கானிக்கல் வாங்கலாமா, இப்போது எல்லாரும் பேசும் மேக்னெட்டிக் வாங்கலாமா, 8000 ஹெர்ட்ஸ் வேண்டுமா, மற்ற பாகங்களில் எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் கீபோர்டிலிருந்து தொடங்கியது நல்லது. பலர் கிராபிக்ஸ் கார்டில் எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு, மிச்சத்தில் கிடைத்ததை வாங்கி விரலுக்குக் கொடுப்பார்கள். ஆனால் உங்கள் கேள்வி முழுக்க எண்களாக இருக்கிறது: 8000 ஹெர்ட்ஸ், 0.1 மி.மீ., 26,000 டிபிஐ, 1 மில்லி விநாடி. இவற்றில் எதுவும் பொய் என்று சொல்ல மாட்டேன். பெட்டியில் அச்சிட்ட எண் ஒன்றை அளக்கிறது, வாங்குபவர் அதை வேறொன்றாகப் புரிந்துகொள்கிறார், அவ்வளவுதான். மாடல் பெயர்கள் ஆறு மாதத்தில் பழசாகிவிடும். அதனால் எண்ணைப் படிக்கும் வழியைச் சொல்கிறேன், மாடலை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பழைய கீபோர்டில் ஒவ்வொரு கீயின் அடியிலும் ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். அது மடங்கி, கீழே இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாள்களை ஒன்றையொன்று தொட வைக்கும். ஏறக்குறைய அடி வரை அழுத்தினால்தான் எழுத்து விழும். மெக்கானிக்கலில் ஒவ்வொரு கீக்கும் தனித்தனி சுவிட்ச். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு தண்டு, இரண்டு உலோகத் தகடுகள். பாதி வழியிலேயே பதிந்துவிடும். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்ச்தான் இன்றுவரை இந்த உலகத்தின் அளவுகோல். 2010களில் அதன் காப்புரிமை காலாவதியானதும் கெய்ல், கேட்டரான், அவுட்டெமு என்று பல நிறுவனங்கள் அதே வடிவத்தில் செய்ய ஆரம்பித்தன. செர்ரி வைத்த நிறப் பெயர்களே எல்லாருக்கும் பொதுமொழியாகிவிட்டன. சிவப்பு என்றால் தடையில்லாமல் நேராக இறங்கும். பழுப்பு என்றால் நடுவில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். நீலம் என்றால் அந்த மேட்டோடு டிக் சத்தமும் வரும்.

செர்ரி சிவப்பின் கணக்கு இது: 45 கிராம் அளவு விசை, 2 மி.மீ. இறங்கியதும் பதியும், மொத்த இறக்கம் 4 மி.மீ. 'ஸ்பீடு சில்வர்' என்ற வகை 1.2 மி.மீட்டரிலேயே பதியும், மொத்தம் 3.4. சில்வர்தானே வேகம், அதையே வாங்கலாமே என்று தோன்றும். விளையாட்டுக்குச் சரிதான். ஆனால் விரலை கீ மேல் வைத்து ஓய்வெடுக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், பகலில் டைப் செய்யும்போது நினைக்காத எழுத்தெல்லாம் விழும். நான் சில்வரில் 4 மாதம் வேலை செய்து பார்த்துவிட்டுச் சிவப்புக்கே திரும்பினேன். வேகம் என்று விற்றதை என் பேக்ஸ்பேஸ் கீதான் அதிகம் அனுபவித்தது.

நீலத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடையில் பத்து விநாடி தட்டிப் பார்த்தால் அதுதான் எல்லாருக்கும் பிடிக்கும். சத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதில் கீ பதியும் புள்ளியும் விடுபடும் புள்ளியும் ஒரே இடத்தில் இல்லை. விடுபட, பதிந்த இடத்தைத் தாண்டி இன்னும் மேலே வர வேண்டும். ஒரே கீயை இரண்டு முறை சட்டென்று தட்ட வேண்டிய இடங்களில் இரண்டாவது தட்டு விழாமல் போகும். இரவில் பக்கத்து அறையில் யாராவது தூங்குகிற வீடு என்றால் நீலத்தை மறந்தே விடுங்கள். என் முதல் மெக்கானிக்கல் நீலம்தான். ஒரு வாரத்தில் வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது: ஒன்று கீபோர்டு போக வேண்டும், இல்லை நான்.

இனி மேக்னெட்டிக். இதில் உலோகத் தகடு தொடுவதே இல்லை. தண்டின் அடியில் ஒரு காந்தம், சர்க்யூட் போர்டில் ஒரு ஹால் சென்சார். எட்வின் ஹால் 1879இல் கண்டுபிடித்த அதே விளைவுதான். காந்தம் நெருங்க நெருங்க சென்சாரின் மின்னழுத்தம் மாறும். ஆகவே கீ அழுத்தப்பட்டதா இல்லையா என்று மட்டும் இல்லாமல், எவ்வளவு தூரம் அழுத்தப்பட்டிருக்கிறது என்பதும் கீபோர்டுக்கு எப்போதும் தெரியும். எந்த ஆழத்தில் பதிய வேண்டும் என்பதை மென்பொருளில் நீங்களே வைத்துக்கொள்ளலாம். W, A, S, D நான்கையும் 0.5 மி.மீட்டரிலும் மற்ற எழுத்துகளை 2 மி.மீட்டரிலும் வைத்தால் நான் மேலே புலம்பிய சில்வர் பிரச்சினையே வராது.

அதைவிட முக்கியமான வசதிக்கு 'ரேபிட் டிரிகர்' என்று பெயர். நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனத்தின் கீபோர்டுகள் வழியாக இது பிரபலமானது. சாதாரண சுவிட்சில் அடி வரை அழுத்திய கீ விடுபட வேண்டுமென்றால், அந்த நிலையான 2 மி.மீ. புள்ளிக்கு மேல் அது திரும்பி வர வேண்டும். ரேபிட் டிரிகரில், கீ எந்த ஆழத்தில் இருந்தாலும் 0.1 அல்லது 0.2 மி.மீ. மேலே நகர்ந்த கணமே விடுபட்டதாகக் கணக்கு. மறுபடி அதே அளவு இறங்கினால் மறுபடி அழுத்தியதாகக் கணக்கு. கவுன்டர் ஸ்டிரைக், வேலரன்ட் போன்ற ஷூட்டர்களில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு எங்கோ போகும். நின்ற கணத்தில்தான் குறி சுத்தமாக இருக்கும். அதனால் அங்கே கீ அழுத்தும் வேகத்தைவிட விடும் வேகத்துக்குத்தான் மதிப்பு. உண்மையாகவே விரலுக்குத் தெரியும் வித்தியாசம் இது. எண்களில் நான் மரியாதை கொடுக்கும் ஒன்று.

ஆனால் கவனியுங்கள். கதை விளையாட்டு, கார் ஓட்டம், உத்தி விளையாட்டு ஆகியவற்றுக்கு இதனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கார் விளையாட்டில் கேம் கன்ட்ரோலரின் ஸ்டிக் மாதிரி அளவாக அழுத்தும் வசதி சில மாடல்களில் உண்டு, அது ஒரு வேடிக்கை. மேக்னெட்டிக் சுவிட்சுகள் பெரும்பாலும் சிவப்பு மாதிரி நேராக இறங்குபவைதான். டைப் செய்யும்போது அந்தப் பழுப்பு மேடு வேண்டும் என்பவருக்கு ஏமாற்றம். சுவிட்சைக் கழற்றி மாற்றலாம் என்று போட்டிருந்தாலும் எந்தக் காந்த சுவிட்சும் எந்த போர்டிலும் பொருந்திவிடாது. காந்தத்தின் திசை, சென்சார் இருக்கும் இடம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். மென்பொருள் மோசமாக இருந்தால் கீபோர்டே மோசம். வாங்கும் முன் அந்த மென்பொருளைப் பற்றித் தேடிப் படியுங்கள், சுவிட்சைப் பற்றிப் படிப்பதைவிட அது பலன் தரும்.

மேக்னெட்டிக் கீபோர்டு விற்பவர்கள் கூடவே தூக்கிப் பிடிக்கும் இன்னொன்று: A அழுத்தியபடியே D அழுத்தினால் முந்தையதைத் தானாக விட்டுவிடும் வசதி. ரேசர் நிறுவனம் 2024இல் 'ஸ்னாப் டேப்' என்ற பெயரில் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்கள் வேறு வேறு பெயர் வைத்திருக்கின்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் வால்வ் என்ற விளையாட்டு நிறுவனம், தன் கவுன்டர் ஸ்டிரைக் 2இன் அதிகாரபூர்வ சர்வர்களில் இதற்குத் தடை போட்டது. பயன்படுத்துவது தெரிந்தால் ஆட்டத்திலிருந்து வெளியே தள்ளும். ரேபிட் டிரிகருக்குத் தடை இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வாங்கியதும் இந்த வசதி அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு விளையாடப் போங்கள்.

இப்போது 8000 ஹெர்ட்ஸ். கீபோர்டு தன் நிலையைக் கணினிக்கு ஒரு விநாடியில் எத்தனை முறை சொல்கிறது என்பதுதான் இந்த எண். பழைய சாதாரண கீபோர்டு 125 முறை, அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை சொல்லும். 1000 என்றால் 1 மில்லி விநாடி. 8000 என்றால் 0.125. 125இலிருந்து 1000க்குப் போனால் அதிகபட்சம் 7 மில்லி விநாடி லாபம். அங்கிருந்து 8000க்குப் போனால் கிடைப்பது 1 மில்லி விநாடிகூட இல்லை. விநாடிக்கு 60 முறை படம் மாற்றும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை 144 ஆக்கினால் ஒவ்வொரு பிரேமிலும், அதாவது ஒவ்வொரு படத்திலும், ஏறக்குறைய 10 மில்லி விநாடி குறைகிறது. கண்ணால் பார்த்து விரல் அசைய மனிதனுக்கு ஆகும் நேரம் சுமார் 200 மில்லி விநாடி. இந்த நான்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் பணம் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அதோடு, சொல்லும் வேகம் வேறு, பார்க்கும் வேகம் வேறு. உலோகத் தகடுகள் தொடும்போது ஒரே தொடுதலாக நிற்காமல் சில மில்லி விநாடி துள்ளும். அந்தத் துள்ளலை இரட்டை எழுத்தாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க, கீபோர்டின் உள் மென்பொருள் சற்றுப் பொறுத்துப் பார்க்கும். அப்படி 5 மில்லி விநாடி பொறுக்கும் ஒரு கீபோர்டு, அதற்குப் பிறகு விநாடிக்கு 8000 முறை கூவி என்ன பயன்? தபால்காரர் ஓடி வருகிறார், கடிதம் எழுதத்தான் நேரமாகிறது. 1000 ஹெர்ட்ஸ் இருந்தால் போதும், நகர்ந்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் இது உங்கள் பழைய கீபோர்டில் தினமும் உங்களைத் தொந்தரவு செய்திருக்கும். கீபோர்டுக்குள் கீகள் வரிசையும் நிரலுமாக ஒரு வலையில் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள கீகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், நான்காவதும் அழுத்தப்பட்ட மாதிரி மின்சாரம் சுற்றி வரும். அதைத் தவிர்க்க மலிவான கீபோர்டுகள் மூன்றாவது கீயையே கண்டுகொள்வதில்லை. ஓடிக்கொண்டே குனிந்து குதிக்கப் பார்த்தால் குதிக்காமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு கீக்கும் ஒரு டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சிறு பாகம்) வைத்தால் பிரச்சினை தீரும். பெட்டியில் 'என்-கீ ரோல்ஓவர்' என்று இருப்பது இதைத்தான் குறிக்கிறது. சோதிப்பது சுலபம்: இடது, வலது இரண்டு ஷிப்டையும் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு நீண்ட வாக்கியம் அடியுங்கள். எழுத்து விடுபட்டால் அந்தக் கீபோர்டை வைத்துவிடுங்கள். எந்த எண்ணையும் நம்ப வேண்டாம், இரண்டு ஷிப்டை நம்பலாம்.

அளவு விஷயத்தில் முழு கீபோர்டு 104 கீ. வலப்பக்க எண் பலகை இல்லாத டிகேஎல் 87 கீ. அதையும் நெருக்கியடித்த 75 சதவீதம் 84 பக்கம் வரும். 60 சதவீதம் 61 கீ. ஷூட்டர் ஆடுபவர் மவுஸை வீசி வீசி நகர்த்துவார், அந்த இடத்தை எண் பலகை அடைத்துக்கொள்ளும். ஆகவே முழு அளவு வேண்டாம். 60 சதவீதம் படத்தில் அழகு. ஆனால் அம்புக்குறி கீகூட இல்லாமல் பகல் முழுக்க வேலை பார்ப்பது தண்டனை. உங்களுக்கு டிகேஎல் அல்லது 75 சதவீதம். கணக்கு வேலை என்றால் தனியாக ஒரு எண் பலகை வாங்கி இடப்பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

கீ மூடிகளில் ஏபிஎஸ் பிளாஸ்டிக் சில மாதத்தில் எண்ணெய் பூசியது போலப் பளபளக்கும். பிபிடி பிளாஸ்டிக் அவ்வளவு சீக்கிரம் வழவழப்பாகாது. ஸ்பேஸ் பாரைத் தட்டும்போது தகரம் ஆடுவது போல் சத்தம் வந்தால் அதன் அடியில் இருக்கும் கம்பித் தாங்கி சரியில்லை என்று அர்த்தம். நல்ல கீபோர்டுக்கும் சுமாரான கீபோர்டுக்கும் வித்தியாசத்தைக் காதால் கண்டுபிடிக்க அந்த ஒரு கீ போதும். சுவிட்சைச் சாலிடர் இல்லாமல் பிடுங்கி மாற்றும் வசதி இருந்தால் நல்லது. ஒரு சுவிட்ச் கெட்டால் கீபோர்டையே தூக்கிப் போட வேண்டியதில்லை. பின்னால் இருக்கும் மடக்குக் கால்களை மடக்கியே வையுங்கள். நிமிர்த்தினால் மணிக்கட்டு பின்பக்கம் வளையும், இரண்டு மணி நேரத்தில் வலி சொல்லும். விளக்கு? பிடித்தால் போடுங்கள்.

ஆக உங்களுக்கு என் பதில்: வாரத்தில் பாதிக்கு மேல் போட்டி ஷூட்டர்தான் என்றால் மேக்னெட்டிக், டிகேஎல் அல்லது 75 சதவீதம். இல்லையென்றால் சுவிட்ச் மாற்றும் வசதியுள்ள மெக்கானிக்கல், சிவப்பு அல்லது பழுப்பு. மிச்சமாகும் பணம் மானிட்டருக்குப் போகட்டும். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் நான் இரண்டாவதைத்தான் வாங்குவேன்.

மவுஸில் டிபிஐ எண்ணை, அதாவது ஓர் அங்குலம் நகர்த்தினால் குறிமுள் எத்தனை புள்ளி நகரும் என்ற கணக்கை, பார்க்கவே வேண்டாம். 26,000 என்று போட்டிருப்பார்கள். நன்றாக ஆடுபவர்களில் பெரும்பாலோர் 400இலிருந்து 1600க்குள்தான் வைத்திருப்பார்கள். அந்த உச்சத்தில் வைத்தால் மூச்சு விட்டாலே குறிமுள் திரையைத் தாண்டிவிடும். பார்க்க வேண்டியது எடையும் வடிவமும். உள்ளங்கை முழுவதையும் மவுஸ் மேல் வைத்துப் பிடிப்பவரா, விரல்களை மடக்கி நகம் ஊன்றுவது போல் பிடிப்பவரா என்று உங்கள் கையைக் கவனியுங்கள். முதல் வகைக்கு முதுகு உயர்ந்த மவுஸ், இரண்டாவதற்குக் குட்டையானது. 80 கிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. ஒருமுறை சொடுக்கினால் இருமுறை விழும் நோய் தகடு தேய்ந்த சுவிட்சுகளுக்கு வரும். ஆப்டிகல் சுவிட்சில் தகடே இல்லை, ஆகவே அந்த நோயும் இல்லை.

வயர்லெஸ் எடுத்தால் புளூடூத் விளையாட்டுக்கு ஆகாது, 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (கணினியில் செருகும் சிறு ரிசீவர்) இருப்பதை எடுங்கள். அந்த டாங்கிளைக் கணினியின் பின்பக்கம் யூஎஸ்பி 3 துளைகளுக்கு நடுவே செருகிவிட்டு, மவுஸ் விட்டுவிட்டு நகர்கிறது என்று புலம்புபவர்கள் நிறையப் பேர். யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் கிளப்பும். இன்டெல்லே 2012இல் இதைப் பற்றி விளக்க அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஒரு நீட்டிப்பு வயர் போட்டு டாங்கிளை மேசை மேல் மவுஸ் அருகே கொண்டுவாருங்கள். புது மவுஸ் வாங்கும் செலவு மிச்சம்.

மானிட்டர்தான் நான் முதலில் முடிவு செய்யச் சொல்லும் பொருள், ஏனென்றால் மற்ற பாகங்களின் அளவை அதுதான் தீர்மானிக்கிறது. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பியில் 36.9 லட்சம். 4கேயில் 82.9 லட்சம், அதாவது முதலாவதைப்போல நான்கு மடங்கு. கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு பிரேமிலும் அத்தனையையும் வரைய வேண்டும். 4கே மானிட்டரை ஆசையாக வாங்கிவிட்டு நடுத்தர கார்டு போட்டால் படம் படமாக நகரும். ஷூட்டரும் கதையும் கலந்து ஆடும் உங்களுக்கு 27 அங்குலம், 1440பி, 144 அல்லது 165 ஹெர்ட்ஸ், ஐபிஎஸ் வகைத் திரை என்பது நிம்மதியான இடம். பிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும்போது திரையும் அதோடு சேர்ந்து மாறும் ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் கட்டாயம் இருக்கட்டும்.

பெட்டியில் '1 மில்லி விநாடி' என்று இருப்பது பெரும்பாலும் மிகச் சாதகமான அமைப்பில் கிடைக்கும் ஒரே ஒரு நிற மாற்றத்தின் அளவு. அந்த அமைப்பை நீங்கள் போட்டால் நகரும் பொருளுக்குப் பின்னால் வெளிர் நிழல் வரும். சிலர் பின்விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு அந்த எண்ணைக் காட்டுவார்கள். விஏ என்ற வகைத் திரைகளில் இருட்டுக் காட்சிகளில் கறுப்பு இழுபடும், இது எந்தப் பெட்டியிலும் இருக்காது. வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வேறுபாட்டோடு காட்டும் ஹெச்டிஆர் வசதிக்கான 'டிஸ்ப்ளே ஹெச்டிஆர் 400' என்ற முத்திரையும் அப்படித்தான். அந்த வரிசையின் அடித்தட்டு அது. திரையைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதிகூட அதற்குத் தேவையில்லை. அதைப் பார்த்து ஒரு பைசாகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். ஓஎல்இடி வகைத் திரை அருமைதான், ஆனால் பகலெல்லாம் அசையாத டூல்பார்களை வைத்து வேலை பார்ப்பவருக்குத் திரையில் தடம் பதியும் கவலை உண்டு.

கிராபிக்ஸ் கார்டில் எண்ணைவிடப் பெயரே ஏமாற்றும். ஜிடி 1030 என்று இரண்டு கார்டுகள் வந்தன. ஒன்றில் ஜிடிடிஆர்5 நினைவகம், மற்றதில் டிடிஆர்4. பெயர் ஒன்று, வேகத்தில் பெரிய பள்ளம். ஜிடிஎக்ஸ் 1060இன் 3 ஜிபி, 6 ஜிபி இரண்டுக்கும் வித்தியாசம் நினைவகம் மட்டும் என்றே பலர் நினைத்தார்கள். கோர்களே 1152, 1280 என்று வேறு வேறாக இருந்தன. பழைய கார்டு வாங்குபவர்கள் இன்றும் இதில் விழுகிறார்கள். ஆகவே முழுப் பெயரையும் நினைவக வகையையும் எழுதி வைத்துக்கொண்டு, நீங்கள் ஆடும் விளையாட்டில், உங்கள் திரை அளவில் யாராவது சோதித்துக் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். புதிதாக 1440பிக்கு வாங்குபவருக்கு 8 ஜிபி போதும் என்று நான் சொல்ல மாட்டேன், 12 அல்லது 16 பாருங்கள். நினைவகம் நிரம்பிவிட்டால் சராசரி பிரேம் எண்ணிக்கை அழகாகவே இருக்கும், நடுநடுவே மட்டும் திக்கும். சராசரியைப் பார்த்து வாங்கியவர் அந்தத் திக்கலோடு மூன்று வருடம் வாழ்வார்.

இப்போது கார்டு விளம்பரங்களில் வரும் பிரேம் எண்களில் பாதி, இரண்டு உண்மையான பிரேம்களுக்கு நடுவே கற்பனையாக வரைந்து சேர்த்தவை. கதை விளையாட்டில் அது கண்ணுக்கு இதமாக இருக்கும், நானே போட்டுத்தான் ஆடுகிறேன். ஆனால் உங்கள் கீ அழுத்தத்துக்குப் பதில் சொல்வது உண்மையான பிரேம் மட்டுமே. 60ஐ 120 ஆகக் காட்டினாலும் கைக்குக் கிடைப்பது 60தான், சற்றுத் தாமதத்தோடு. ஷூட்டரில் அதை அணைத்துவிடுங்கள்.

பிராசஸர் பற்றி ஒரே விஷயம். குறைந்த ரெசல்யூஷனில் அதிக பிரேம் வேண்டும் என்கிற ஷூட்டர்களில் கிராபிக்ஸ் கார்டைவிட இதுதான் முட்டுக்கட்டை ஆகும். அங்கே கோர் எண்ணிக்கையைவிட, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கேச் என்ற வேக நினைவகம் பேசும். 2022இல் வந்த ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 5800எக்ஸ்3டி 8 கோர்தான். ஆனால் 96 எம்பி எல்3 கேச் வைத்துக்கொண்டு, அதைவிட அதிக கோர் உள்ளவற்றை விளையாட்டுகளில் முந்தியது. இன்னொன்று, அது ஏஎம்4 சாக்கெட் (மதர்போர்டில் பிராசஸர் அமரும் இடத்தின் வகை). 2017இல் முதல் ரைசனுக்கு வாங்கிய பல மதர்போர்டுகள் பயாஸை, அதாவது தம் உள் மென்பொருளை, புதுப்பித்துக்கொண்டு இதையும் ஏற்றுக்கொண்டன. சாக்கெட்டின் ஆயுள் பெட்டியில் அச்சிடப்படாத எண். வாங்கும் மதர்போர்டில் அடுத்த தலைமுறை பிராசஸர் பொருந்துமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ரேமில், டிடிஆர்4-3200 சிஎல்16, டிடிஆர்5-6000 சிஎல்30 இரண்டையும் பக்கத்தில் வைத்தால் 16தானே சிறியது, அதுதானே விரைவு என்று தோன்றும். சிஎல் என்பது கடிகாரச் சுற்றின் எண்ணிக்கை, நேரம் இல்லை. கணக்குப் போட்டால் இரண்டுமே 10 நானோ விநாடிதான். ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டாக வாங்கி, நான்கு துளை போர்டு என்றால் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து 2ஆவது, 4ஆவது துளைகளில் செருக வேண்டும். பிறகு பயாஸில் ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்க வேண்டும், இல்லாவிட்டால் 6000 என்று வாங்கியது 4800இலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லும் நான் என் சொந்தக் கணினியில் எட்டு மாதம் 4800இல் ஓட்டினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எஸ்எஸ்டி என்விஎம்இ வகையில் 1 டிபி இருந்தால் போதும். விநாடிக்கு 7000 எம்பி, 14,000 எம்பி என்ற எண்கள் பெரிய கோப்பை ஒரே மூச்சில் நகர்த்துபவருக்கு. விளையாட்டு திறக்கும் நேரத்தில் அதை உணர மாட்டீர்கள்.

பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. '80 பிளஸ் கோல்டு' என்ற முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதைச் சொல்கிறது, அவ்வளவே. உள்ளே பாதுகாப்புச் சுற்று ஒழுங்காக இருக்கிறதா, மின்னழுத்தம் ஆடாமல் வருகிறதா என்பது அதில் வராது. கிராபிக்ஸ் கார்டுகள் நொடியின் சிறு பகுதிக்குத் தங்கள் வழக்கமான அளவைவிட இரண்டு, மூன்று மடங்கு வரைகூட இழுக்கும் பழக்கமுள்ளவை. ஏடிஎக்ஸ் 3.0 தரத்தில் வந்த பவர் சப்ளைகள் அதைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. நடுத்தர கார்டுக்கு 650 வாட், அதற்கு மேல் என்றால் 750 அல்லது 850. புது வகை 16 முனை இணைப்பு இருந்தால் இடைவெளி தெரியாத அளவு கடைசி வரை அழுத்திச் செருகுங்கள், இணைப்பை ஒட்டியே வயரை வளைக்காதீர்கள். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் இணைப்பு உருகியதற்குச் சரியாகச் செருகாததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

கழற்றி மாட்டும் வயர்கள் உள்ள பவர் சப்ளை என்றால், பழையதன் வயரைப் புதியதில் ஒருபோதும் மாட்டாதீர்கள். கணினிப் பக்கம் எல்லாம் ஒரே தரம், சப்ளைப் பக்கம் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி முனைகளை வைத்திருக்கும். துளையில் அழகாகப் பொருந்தும். நான் அப்படிப் பொருத்தினேன். சுவிட்சைப் போட்டதும் ஒரு சின்ன வாசனை. ஆறு வருடப் புகைப்படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க் அத்தோடு சரி.

கேபினட்டுக்கு முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை போதும், காற்று அங்கேதான் நுழைகிறது. கிராபிக்ஸ் கார்டின் நீளத்தையும் கூலரின் உயரத்தையும் அளந்துவிட்டு வாங்குங்கள். ஹெட்செட்டில் '7.1' என்பது பெரும்பாலும் இரண்டு ஸ்பீக்கரில் மென்பொருள் செய்யும் வித்தை. அதே பணத்தில் நல்ல ஸ்டீரியோ ஹெட்போனும் தனி மைக்கும் வாங்கினால் காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்று இன்னும் தெளிவாகக் கேட்கும்.

எல்லாம் மாட்டி முடித்த முதல் நாள், மானிட்டர் வயர் கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறதா, மதர்போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், மதர்போர்டில் செருகிவிட்டுப் புது கார்டு ஓடவில்லை என்று வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் திரை அமைப்பில் போய் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள், அது தானாக மாறாமல் 60இலேயே நிற்கலாம். மவுஸ் அமைப்பில் குறிமுள் வேகத்தைத் தானாகக் கூட்டும் தேர்வை அணையுங்கள். பயாஸில் ரேமின் வேகத்தைப் பாருங்கள். இதற்குப் பிறகும் பிரேம் எதிர்பார்த்த அளவு வரவில்லை என்றால், விளையாட்டின் ரெசல்யூஷனைப் பாதியாக்கிப் பாருங்கள். பிரேம் எகிறினால் மூச்சு வாங்குவது கிராபிக்ஸ் கார்டு. அசையாமல் அங்கேயே நின்றால் பிராசஸர். அந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு எழுதுங்கள், எந்தப் பாகம் என்று பார்த்துச் சொல்கிறேன்.